பத்து நிமிடத்தில் வருவது யாருடைய நேரம்?

இணையவழியில் மளிகை வாங்கும் பழக்கம் நம் பெருநகரங்களில் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற கேள்விக்கு இன்று இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. முதல் விடை வணிக நாளேடுகளுடையது. நுகர்வோரே மன்னர், மன்னர் தம் விருப்பத்தைத் தெரிவித்துவிட்டார், தெருமுனை மளிகைக் கடை அவருக்கு அலுத்துவிட்டது, செயலி பிடித்துவிட்டது, இதில் அரசுக்கோ சங்கங்களுக்கோ சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். இரண்டாம் விடை நம் அணிகளுக்குள்ளேயே அடிக்கடி ஒலிக்கிறது. நடுத்தர வர்க்கம் சோம்பேறியாகிவிட்டது. மாடிப்படி இறங்கிப் போய் அரைக் கிலோ வெங்காயம் வாங்கிவர அதற்கு உடல் வளையவில்லை. நுகர்வு மோகம் தலைக்கேறிவிட்டது. ஆகவே செயலியைப் புறக்கணிப்போம், கடைக்காரரைக் காப்போம் என்பது அதன் முழக்கம்.

எதிரெதிர் முகாம்களிலிருந்து புறப்பட்டாலும் இவ்விரு விடைகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இரண்டுமே வாங்குபவரின் மனத்துக்குள் காரணத்தைத் தேடுகின்றன. ஒன்று அங்கே விருப்பத்தைக் காண்கிறது; மற்றொன்று குற்றத்தைக் காண்கிறது. முதலாளித்துவ ஏடுகள் அவ்வாறு எழுதுவதில் வியப்பில்லை. தனிமனிதரின் தெரிவுதான் சந்தையை ஆள்கிறது என்று சொல்வது அவற்றின் தொழில். உழைப்பு நேரம் எவ்வாறு பறிக்கப்படுகிறது என்பதையே அரசியலின் முதல் பாடமாகக் கற்ற நாம், அதே பிழையை வேறு உடையில் சுமப்பதுதான் கவலைக்குரியது. ஏனெனில் இந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு நாம் எந்தக் குடியிருப்பின் கதவைத் தட்டினாலும் அது திறக்காது.

கடைக்குப் போகும் நேரம் எங்கே போனது?

ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஓர் உண்மையைச் சொல்கிறது. ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 2019ஆம் ஆண்டின் ஆய்வில் இவை முறையே 299, 97 ஆக இருந்தன. ஐந்தாண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. ஆணின் கை வீட்டு வேலைக்குள் நுழையவில்லை என்பதே இதன் பொருள். வேலைக்குச் செல்லும் பெண் மாலையில் வீடு திரும்பியதும் அடுத்த பணிமுறை தொடங்குகிறது. உளுந்து தீர்ந்துவிட்டது, பாலில்லை, பிள்ளைக்கு நாளைக் காலை பள்ளிக்கு வண்ணத்தாள் வேண்டும். அந்த நேரத்தில் அவர் கைப்பேசியை எடுப்பதைச் சோம்பல் என்று பெயரிடுகிறவர், பெரும்பாலும், அந்த வீட்டில் அடுப்பருகே நிற்காதவராகத்தான் இருப்பார்.

இனி அலுவலக நேரத்தைப் பார்ப்போம். இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று அறிவுரை வழங்கினார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் அதை 90 மணியாக உயர்த்தினார். இவை வெறும் மேடைப் பேச்சுகள் அல்ல. கர்நாடக அரசு 2023இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்க வழி திறந்தது. 2025இல் குஜராத், மகாராஷ்டிர அரசுகள் அதே பாதையில் சென்றன. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் இத்தகைய மசோதா நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. அவ்வாண்டு மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. போராடிய இடத்தில் நேரம் காக்கப்பட்டது; போராட இயலாத இடத்தில் பறிபோனது.

வாரத்துக்கு எழுபது மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவர், பெங்களூரின் வெளிவட்டச் சாலையிலோ தில்லி, மும்பை இரயில் நெரிசலிலோ மேலும் பல மணி நேரம் கழிப்பவர், கடையில் நின்று புளியும் பருப்பும் பார்த்து வாங்குவது எப்போது? நாராயணமூர்த்தியின் முதலீட்டு நிறுவனமான கட்டமரான், அமேசானுடன் கூட்டுச் சேர்ந்து 2014 முதல் 2022 வரை கிளவுட்டெய்ல் என்ற விற்பனை நிறுவனத்தை நடத்தியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். ஒரு கை உழைப்பாளியின் மாலைப்பொழுதை எடுத்துக்கொள்கிறது. மறு கை அந்த மாலைப்பொழுதில் செய்ய முடியாமற்போன வேலையை அவருக்கே விற்கிறது.

ஆகவே முதல் கேள்விக்கு நம் விடை இதுவாக இருக்க வேண்டும்: நுகர்வோர் செயலியில் வாங்குவது பொருளை மட்டுமன்று, தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட நேரத்தின் ஒரு துண்டையும் அவர் விலை கொடுத்துத் திரும்பப் பெறுகிறார்.

மளிகைக் கடைக்குப் பொன்முலாம் பூச வேண்டாம்

நேரம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. தெருமுனைக் கடையைப் பற்றி நம் இலக்கிய மனம் தீட்டி வைத்திருக்கும் ஓவியம் மிக இனிமையானது. பெயர் சொல்லி அழைக்கும் அண்ணாச்சி, கடன் எழுதும் நோட்டு, பிள்ளையின் கையில் வைக்கப்படும் மிட்டாய். இவை பொய்யல்ல. அன்றாடக் கூலி பெறும் குடும்பத்துக்கு அந்த நோட்டுக் கடன் இன்றும் உயிர்நாடி. ஆயினும் அந்த ஓவியத்துக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. விடாய்க்கால அணையாடையைக் கேட்டு வாங்கும் பெண்ணிடம், அதைக் குற்றப்பொருளைப்போல் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தரும் கடையும் அதே கடைதான். எடையில் கைவைக்கும் தராசும், அச்சிட்ட விலைக்குமேல் கேட்கும் குளிர்பானமும், இரசீது கேட்டால் சுளிக்கும் முகமும் நாம் அறியாதவை அல்ல. வாங்குபவர் எந்தச் சாதி, எந்த மதம் என்பதைப் பார்வையாலேயே அளக்கும் கடைத்திண்ணைகளும் இந்நாட்டில் உள்ளன. தில்லியில் புதிதாகக் குடியேறிய தமிழ்த் தொழிலாளியோ வடகிழக்கு மாநிலத்து மாணவியோ, மொழி தெரியாமல் பேரம் பேசி ஏமாறுவதைவிட, விலை திரையில் தெரியும் இடத்தை நாடுவது இயல்பு. மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் தனியே வாழும் முதியவருக்குச் செயலி ஆடம்பரமே அன்று.

இந்த மதிப்பும் இந்த வசதியும் மக்களுக்கு உரியவை. அவற்றை வழங்குவது மூலதனம் என்பதற்காக அவற்றை விரும்புவதே தவறு என்று நாம் சொல்லத் தொடங்கினால், முன்னேற்றத்தின் கொடியை எதிரியிடம் நாமே கொடுத்துவிட்டுப் பழமையின் பக்கம் போய் நிற்பவர்களாவோம். மூலதனம் இந்த வசதியை எவ்வாறு வழங்குகிறது, அதன் செலவை யார் தலையில் கட்டுகிறது என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

வாடிக்கையை விலைக்கு வாங்குதல்

தமிழில் வாடிக்கையாளர் என்ற சொல் அழகியது. வாடிக்கை என்றால் வழக்கம், பழக்கம். மளிகை வணிகத்தின் உண்மையான முதல், கடையில் அடுக்கியிருக்கும் சரக்கன்று. இந்தக் குடும்பம் அடுத்த மாதமும் இங்கேதான் வரும் என்ற அந்த வழக்கம்தான். சிறு வணிகர் இருபது ஆண்டுகள் கடையைத் திறந்து வைத்துச் சேர்த்த இந்த முதலை, நிதிமூலதனம் இரண்டு மூன்று ஆண்டுகளில் பணம் கொடுத்தே வாங்கிவிட முனைகிறது.

அதற்காக அது எவ்வளவு இழக்கவும் அணியமாயிருக்கிறது. இன்ஸ்டாமார்ட்டை நடத்தும் ஸ்விக்கி நிறுவனத்தின் 2024-25 நிதியாண்டு இழப்பு மட்டும் 3,117 கோடி ரூபாய். 2021இல் மும்பையில் தொடங்கிய ஸெப்டோவின் 2023-24 இழப்பு 1,249 கோடி ரூபாய். 2013இல் குரோஃபர்ஸ் என்று தொடங்கி, 2021 இறுதியில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தை, 2022இல் ஸொமாட்டோ ஏறத்தாழ 4,447 கோடி ரூபாய் மதிப்பில் கைப்பற்றியது. ஒரு தெருமுனைக் கடை ஒரு மாதம் இழப்பில் ஓடினால் அடுத்த மாதம் கதவடைக்கும். இவை ஆண்டுக்கணக்கில் இழப்பில் ஓடியும் இவற்றின் பங்குகள் விலைபோகின்றன. ஏன்? சந்தை இன்று தரும் இலாபத்துக்காக அவற்றுக்கு விலை கொடுக்கப்படவில்லை. போட்டியாளர் ஒழிந்தபின் நாளை வரப்போகும் ஏகபோக இலாபத்துக்கே இன்று முன்பணம் கட்டப்படுகிறது.

இந்தச் சூதாட்டத்தில் தோற்றவர்களின் கதையும் நமக்குப் பாடமாகும். பெங்களூரில் பிறந்த டன்ஸோ நிறுவனத்தில் 2022 ஜனவரியில் ரிலையன்ஸ் 20 கோடி டாலர் வரை முதலீடு செய்தது. அடுத்த ஆண்டே ஊழியர் ஊதியம் நிலுவையில் நின்றது. 2025 தொடக்கத்தில் அச்செயலியே அணைந்தது. முதலீட்டாளர் கணக்கில் அது ஒரு கழிவுத்தொகை. அங்கே வேலை பார்த்தவருக்கும், அதற்குள் வாடிக்கை இழந்துவிட்ட தெருக்கடைக்கும் அது வாழ்க்கை.

மலிவு எவ்வளவு நாள்? கையாளும் கட்டணம், சிறு கொள்முதல் கட்டணம், மழைக் கட்டணம், நெரிசல் கட்டணம் என்று இரசீதின் அடிப்பகுதி ஏற்கெனவே நீளத் தொடங்கிவிட்டது. நுகர்வோரை ஏமாற்றும் திரை உத்திகள் 13ஐப் பட்டியலிட்டு, ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட வேண்டியிருந்தது. கேளாமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, ‘இன்னும் சிறிது நேரமே உள்ளது’ என்று பொய் அவசரம் காட்டுவது, விலையைத் துளித்துளியாகக் கடைசியில் வெளிப்படுத்துவது ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. மன்னர் என்று அழைக்கப்படும் நுகர்வோரின் பையில் கைவிடும் வழிகள் இத்தனை. திரையில் எந்தப் பொருள் முதலில் தெரிய வேண்டும் என்பதும் விளம்பரக் காசுக்கு விற்கப்படுகிறது. வீட்டுத்தயாரிப்பு ஊறுகாயைக் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு மூலையில் வைக்கும் சுயவுதவிக் குழுப் பெண்ணுக்கு இந்தத் திரையில் மூலை ஏது?

நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, ஓராண்டில் சுமார் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டுவிட்டதாக 2024இல் கூறியது. இது ஒரு வணிகர் அமைப்பின் மதிப்பீடு. அரசிடம் சொந்தக் கணக்கு இருக்க வேண்டாமா? வீட்டுக் கதவருகே நடக்கும் இத்தனை பெரிய மாற்றத்தை எண்ணிப் பார்க்கவும் மனமில்லாத அரசு, அதை ஒழுங்குபடுத்தும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

சொத்தில் பங்கில்லாப் பங்காளிகள்

மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருப்பவர்களுக்குச் சில ஆங்கிலச் சொற்கள் தொல்லை தரும். சில, உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்நிறுவனங்கள் தம் விநியோகத் தொழிலாளரைப் ‘பார்ட்னர்’ என்று அழைக்கின்றன. தமிழில் அதற்கு நேரான பழைய சொல் பங்காளி. பங்காளி என்றால் சொத்தில் பங்குக்கு உரியவர். வரப்புத் தகராறில் வழக்குமன்றம் வரை போகக்கூடியவர். வெயிலிலும் மழையிலும் சொந்த வண்டியில், சொந்த எரிபொருளில், சொந்த உயிரைப் பணயம் வைத்து ஓடும் இந்த இளைஞருக்கு எந்தச் சொத்தில் பங்கு? ‘டார்க் ஸ்டோர்’ என்பதை இருட்டுக்கடை என்று பெயர்த்தால் நம்மவர்க்குத் திருநெல்வேலி அல்வா நினைவுக்கு வரும். இந்த இருட்டில் இனிப்பு ஏதுமில்லை. வாடிக்கையாளர் நுழையாத, தெருவிலிருந்து உள்ளே பார்க்க முடியாத கிடங்குகள் அவை. ஆணை விழுந்த நொடியிலிருந்து நிமிடக் கணக்கில் அடுக்குகளுக்கிடையே ஓடிப் பொருள் எடுத்துக் கட்டும் தொழிலாளர் அங்கே நிற்கின்றனர்.

2023 ஏப்ரலில் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் பிளிங்கிட் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரு விநியோகத்துக்கு 25 ரூபாயாக இருந்த அடிப்படைத் தொகையை நிறுவனம் 15 ரூபாயாகக் குறைத்ததே காரணம். பல கிடங்குகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில் நாடெங்கும் செயலித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தனர். பத்து நிமிட விநியோகத்தை ஒழிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. 2026 ஜனவரியில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் நிறுவனங்களை அழைத்துப் பேசியது. பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிட வாசகத்தை விலக்கிக்கொண்டது. இது போராட்டத்தின் வெற்றி. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எனினும் சுவரொட்டியிலிருந்து எண்ணை அழிப்பது வேறு. வண்டி ஓட்டுபவரைத் துரத்தும் கணினிக் கட்டளையைத் திருத்துவது வேறு. ஊக்கத்தொகையும், மதிப்பெண்ணும், கணக்கு முடக்கும் அதிகாரமும் நிறுவனத்தின் கையில் இருக்கும்வரை, கடிகாரம் திரையில் தெரியாமலே தொழிலாளியின் முதுகில் துடித்துக்கொண்டிருக்கும்.

நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை, 2020-21இல் இத்தகைய தொழிலாளர் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடியாவர் என்றும் கணித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவர்களைப் பெயரளவில் ஏற்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு நிதி செலுத்த வேண்டும் என்கிறது. ஆயினும் அதே சட்டம் இவர்களை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்துகிறது. வெளியே நிறுத்தப்பட்டவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் இல்லை. வேலை நேர வரம்பு இல்லை. நலநிதி என்பது உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் வைக்கப்படும் உண்டியல். 2023இல் இராஜஸ்தானும் 2025இல் கர்நாடகமும் இயற்றிய சட்டங்கள் வரவேற்கத்தக்கவைதாம். அவையும் ‘தொழிலாளி’ என்ற முழுத் தகுதியை இவர்களுக்குத் தந்துவிடவில்லை.

நேரம் பற்றிய நம் வாதம் இங்கே நிறைவு பெறுகிறது. அலுவலக ஊழியரிடமிருந்து பறிக்கப்பட்ட நேரம், இந்த இளைஞரின் பன்னிரண்டு மணி, பதினான்கு மணி ஓட்டத்தின் வழியாக அவருக்குத் திருப்பி விற்கப்படுகிறது. இரு பக்கமும் உழைப்பவர்களே நிற்கின்றனர். இடையில் நிற்கும் மூலதனம் இருவரிடமும் வசூலிக்கிறது.

வெளிநாட்டு மூலதனம், சுதேசி முகமூடி

சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்து இடதுசாரிகள் நடத்திய போராட்டம் நம் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம். 2012 செப்டம்பரில் மன்மோகன் சிங் அரசு பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது, அம்மாதம் 20ஆம் நாள் நாடு தழுவிய முழுஅடைப்பு நடந்தது. டிசம்பர் 5 அன்று மக்களவையில் அதற்கெதிரான தீர்மானம் 218க்கு 253 என்ற கணக்கில் தோற்றது. அன்று பாரதிய ஜனதாவும் எதிர்த்து வாக்களித்தது. 2014 தேர்தல் அறிக்கையில் பல்பொருள் சில்லறை வணிகத்துக்கு அந்நிய முதலீடு கூடாது என்றே எழுதியது. ஆட்சிக்கு வந்து இரண்டே ஆண்டில், ‘சந்தைத் தளம்’ என்ற பெயரில் இணைய வணிகத்துக்கு 100 விழுக்காடு அந்நிய முதலீட்டைத் திறந்துவிட்டது. முன்வாசலில் பூட்டு; கொல்லைப்புறத்தில் கதவே இல்லை.

தளம் நடத்துபவர் தாமே சரக்கு வைத்து விற்கக்கூடாது என்பது விதி. 2018 டிசம்பரில் அது மேலும் இறுக்கப்பட்டது. நிறுவனங்கள் வேறு பெயர்களில் விற்பனையாளர்களை முன்னிறுத்தி நடக்கப் பழகிக்கொண்டன. 2025இல் பிளிங்கிட்டின் தாய் நிறுவனம் தன்னில் வெளிநாட்டுப் பங்கு 49.5 விழுக்காட்டைத் தாண்டாதவாறு வரம்பு வைத்துக்கொண்டது. ‘இந்தியருக்கு உரிய நிறுவனம்’ என்ற தகுதி கிடைத்துவிட்டால் தானே சரக்கு வைத்து விற்கலாமல்லவா?

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நிய மூலதனம் என்ற ஒற்றை இலக்கை நோக்கி மட்டும் வில்லை வளைத்தால் அம்பு இலக்கைத் தவறவிடும். பிக்பாஸ்கெட் 2021 முதல் டாட்டாவின் பிடியில் இருக்கிறது. ஜியோமார்ட் அம்பானியுடையது, அதற்கு மூலதனம் திரட்டிய 2020இல் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோவின் 9.99 விழுக்காட்டைப் பெற்றது. உள்நாட்டுப் பெருமுதலாளியும் உலக நிதிமூலதனமும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும்போது, இலையில் எது சுதேசி, எது விதேசி என்று பிரிக்க முனைவது பா.ஜ.க.வின் வேலை, நம் வேலையன்று.

அரிசிக்கு ஒரு நீதி, சிப்ஸுக்கு ஒரு நீதி

வீட்டு வாசலில் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது மூலதனத்தின் கண்டுபிடிப்பும் அன்று. அதன் தனியுரிமையும் அன்று. அரசு அதைச் செய்ய முயன்றபோது என்ன நடந்தது என்று பாருங்கள். தில்லி அரசு நியாயவிலைப் பொருள்களை வீட்டுக்கே அனுப்பத் திட்டமிட்டது. ஒன்றிய அரசு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அது முரண் என்று எதிர்த்தது. 2022 மே மாதம் உயர் நீதிமன்றம் திட்டத்தைத் தள்ளுபடி செய்தது. ஆந்திரத்தில் 2021 ஜனவரி முதல் 9,260 வண்டிகள் தெருத்தெருவாக அரிசி கொண்டுசென்றன. ஆட்சி மாறியதும், செலவு, முறைகேடு என்ற காரணங்களைச் சொல்லி, முதியோர், மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக மற்றவர்களுக்கு 2025 ஜூன் முதல் அது நிறுத்தப்பட்டது. முறைகேடு இருந்தால் களைய வேண்டும். வண்டியையே நிறுத்துவது தலைவலிக்குத் தலையை வாங்குவதாகும். தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில் முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே குடிமைப்பொருள் வழங்கும் தாயுமானவர் திட்டம் தொடங்கியிருக்கிறது. அது அனைவருக்குமான உரிமையாக விரிய வேண்டும்.

பணம் படைத்த குடியிருப்புக்கு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் பத்து நிமிடத்தில் போனால் அது புதுமை. தலைச்சுமை தூக்க முடியாத மூதாட்டிக்கு மாதத்துக்கு ஒருமுறை அரிசி போனால் அது வீண்செலவு. ஆளும் வர்க்கத்தின் பொருளியல் இவ்வளவுதான்.

2023 ஜூலையில் தக்காளி விலை எட்டாத உயரம் போனபோது, ஒன்றிய அரசின் கீழுள்ள தேசிய கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு தில்லியில் கிலோ 70 ரூபாய்க்கு இணையவழியே தக்காளி விற்றது. ஆக, கூட்டுறவுக்குச் செயலி ஒவ்வாத பொருளன்று. அரசியல் உறுதியே வேண்டியது. நம் நாட்டில் இதற்கு மரபும் உண்டு. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் நாட்டின் தொடக்ககால நுகர்வோர் கூட்டுறவுகளுள் ஒன்று. பெங்களூரின் ஹாப்காம்ஸ் 1959 முதல் உழவர் விளைச்சலை நேரே நகரத்துக்குக் கொண்டுவருகிறது. கேரளத்தின் சப்ளைகோ 1974இல் தொடங்கியது. மாவேலிக் கடைகள் இன்றும் அங்கே விலைவாசியின் கடிவாளமாக விளங்குகின்றன. தில்லியின் சூப்பர் பஜார் போன்றவை மறுபுறம் நலிந்து மூடப்பட்டன. அவற்றில் நிலவிய அதிகாரவர்க்க மெத்தனமும் ஊழலும் மக்களைத் துரத்தின என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் கடை திறந்தனர். கலப்படமற்ற மாவும் சரியான எடையும் அவர்கள் கோரியவை. 1923 ஜனவரியில் நோய்ப்படுக்கையிலிருந்து லெனின் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட கூட்டுறவு பற்றிய கட்டுரை, இந்த வேலைக்குப் போதிய கவனம் தராத தம் தோழர்களையே கடிந்துகொள்கிறது. நூறாண்டு கடந்தும் அக்கடிதல் நமக்குப் பொருந்துகிறது. கடைநிலை நுகர்வைச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிட்டு, மூலதனம் அந்த இடத்தை நிரப்பியதும் கூக்குரலிடுகிறோம்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, வேலை நேரம். எட்டு மணி நேர வேலைநாளைக் காக்கும் போராட்டமே அதிவிரைவு வணிகத்துக்கு எதிரான முதன்மைப் போராட்டம். இதை நுகர்வோரிடமும் அலுவலக ஊழியரிடமும் இந்த மொழியிலேயே எடுத்துச்சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தொழிலாளி என்ற தகுதி. விநியோகத் தொழிலாளருக்கும் கிடங்குத் தொழிலாளருக்கும் குறைந்தபட்ச ஊதியம், வேலை நேர வரம்பு, விபத்து இழப்பீடு, காரணமின்றிக் கணக்கை முடக்குவதற்குத் தடை. மளிகைக் கடையில் விடியலிலிருந்து நள்ளிரவு வரை மூட்டை தூக்கும் இளைஞருக்கும் இதே உரிமைகள். சிறு வணிகர் நம் நேச சக்தி. ஆயினும் அவருடைய கடையில் வேலை செய்பவர் நம் வர்க்கம்.

மூன்றாவது, விலைக் கட்டுப்பாடு. அடக்கவிலைக்குக் கீழே விற்றுப் போட்டியை அழிப்பதற்குத் தண்டனை. இரசீதின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும் கட்டணங்களுக்குத் தடை. குடியிருப்புப் பகுதிக் கிடங்குகளுக்கு உள்ளாட்சி உரிமமும் உணவுப் பாதுகாப்புச் சோதனையும்.

நான்காவது, பொதுத்துறைச் செயலி. நியாயவிலைக் கடை, கூட்டுறவு அங்காடி, உழவர் உற்பத்திச் சங்கம், சுயவுதவிக் குழு ஆகியவற்றை இணைத்து, நிரந்தர ஊதியம் பெறும் தொழிலாளர் வழியே வீட்டுக்கு வழங்கும் ஏற்பாடு. விரும்பும் சிறு கடைகளும் அதில் தம் பொருளோடு சேரலாம். பத்து நிமிடம் தேவையில்லை. இன்று சொன்னால் நாளைக் காலை வந்தால் போதும். உளுந்துக்கு அவசரமில்லை, இலாபத்துக்குத்தான் அவசரம்.

இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் எத்தனை கடைகள் மூடின, எத்தனை கிடங்குகள் திறந்தன, அங்கே வேலை செய்வோர் எங்கிருந்து வந்தவர்கள், எவ்வளவு பெறுகின்றனர் என்று கணக்கெடுக்கட்டும். குடியிருப்புகளில் வாங்குபவர்களிடம், ஏன் வாங்குகிறீர்கள் என்று குற்றம் சாட்டாமல் கேட்கட்டும். அவர்கள் சொல்லும் விடைகளில் வேலை நேரமும், சமையலறையும், மின்தூக்கி இல்லாத மாடியும், மூடிக் கிடக்கும் நியாயவிலைக் கடையும் வரும். பொருள் கொண்டுவரும் இளைஞரும் கதவைத் திறக்கும் பெண்ணும் அந்த வாசலில் சந்திப்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் மூலதனம் ஒருவரை மன்னர் என்றும் மற்றவரைப் பங்காளி என்றும் அழைத்துப் பிரித்து வைக்கிறது. இருவரும் நேரம் இழந்த உழைப்பாளிகள் என்று இருவருக்கும் சொல்ல வேண்டியது நாம்.